ரூல்தடி வளைந்தது

பஸ் மறுபடியும் நடைபாதைக் கல்லை உரசியது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

“என்னண்ணே ஆச்சு?” என்று பின்னாலிருந்து கத்தினார் நடத்துநர்.

ஓட்டுநருக்கே தெரியவில்லை. ஒன்பது வருஷமாக அதே வண்டி, அதே சாலை. கோடு போட்டதுபோல் ஓட்டுவார் என்பதால் டிப்போவில் அவருக்கு ‘ரூல்தடி’ என்றே பெயர். நான்கு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தால், கை சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

“கொஞ்சம் யோசிச்சு ஓட்டுங்கண்ணே.”

அதுதான் வினையாகப் போயிற்று. திருப்பத்தில் எந்தக் கை முதலில் இழுக்கும், எந்தக் கை விடும்? ஓட்டுநராகி இருபது வருஷத்தில் ஒருநாளும் இதையெல்லாம் அவர் யோசித்ததில்லை. யோசித்து முடிப்பதற்குள் திருப்பமே போய்விட்டது. பஸ் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

“நடந்தே போயிருக்கலாம்,” என்றார் முன்சீட்டில் இருந்த அம்மாள்.

வீட்டில் மனைவி, “வயசாகுதில்ல? போய்க் கண்ணைக் காட்டுங்க,” என்றாள். காட்டினார். புதுக் கண்ணாடியில் சாலை மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. மறுநாள் ஒரு குப்பைத்தொட்டி பலியானது.

“கெட்டியாப் புடிச்சு ஓட்டுங்க,” என்றாள் அன்று மாலை. கெட்டியாகப் பிடித்தார். தோள்பட்டை மரத்துப்போனதுதான் மிச்சம். ஒரு கடையின் பெயர்ப்பலகையும் சேர்ந்து போயிற்று.

மூன்றாம் நாள் அவருக்கு அலுத்துவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்ட மனிதர், டிப்போ மேலாளர் முன்னால் போய் நின்றார்.

“என்னால முடியல சார். யார் மேலயாவது ஏத்திடுவேனோன்னு பயமா இருக்கு. டிக்கெட் கவுண்டர்ல உக்கார வெச்சிடுங்க.”

“அப்புறம் திரும்ப வண்டி கேட்டா தர முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இப்படி ஆச்சு.”

மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்பது வருஷத்து வண்டி கையைவிட்டுப் போயிற்று. ஆனாலும் இனி யாரையும் இடிக்க மாட்டோம் என்று ஒரு நிம்மதி.

வெளியே வந்தால், மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே எதிரில் வந்தார்.

“அண்ணே, வண்டி இப்ப எப்படிப் போகுது? நீங்க லீவுல இருந்தப்ப, ஸ்டியரிங் நடுரோட்டுப் பக்கமாவே இழுக்குதுன்னு மாத்து டிரைவர் ஒரே சண்டை. சரி பண்ணிட்டேன். ஒம்பது வருஷமா அதை நடைபாதைப் பக்கமா இழுத்துப் புடிச்சே ஓட்டியிருக்கீங்க, உங்களுக்குத் தெரியவே இல்லையாண்ணே?”