ரத்தம் பார்க்கும் பளிங்குக் குண்டு

டயர்க் கடை மாடியில் தொடங்கிய வரிசை, காலை ஏழு மணிக்கே படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு குப்பியில் அவரவர் ரத்தம். மாடியில் உட்கார்ந்திருந்த வைத்தியர் நூலில் கட்டிய பளிங்குக் குண்டைக் குப்பிக்கு மேலே பிடிப்பார். இடப்பக்கம் சுற்றினால் கெட்ட கொழுப்பு சின்னத் துகள், மாரடைப்பு நிச்சயம். வலப்பக்கம் சுற்றினால் பெரிய துகள், பயமே இல்லை. சின்னதைப் பெரிதாக்க அவரிடம் காந்தத் தண்ணீர் இருந்தது. ஆய்வுக்கூடங்கள் இயந்திரம் வாங்குவதெல்லாம் நூல் கிடைக்காததால்தான் போலும்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் மூன்று மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்தார். குண்டு வலப்பக்கம் சுற்றியது. டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் குப்பையில் போட்டார்.

அவருடைய தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படியேறும்போது அண்ணனுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தவள், விடாப்பிடியாக ரத்தம் எடுத்துச் சோதித்தாள்.

"கெட்ட கொழுப்பு ஒன்றரை மடங்கு ஏறியிருக்குண்ணே."

"ஏறினா என்னம்மா? எல்லாம் பெரிய துகள்."

"பெருசும் ரத்தக்குழாய்ல புகுந்து படியும். எத்தனை துகள் இருக்குங்கறதுதான் முக்கியம்."

அவர் நம்பவில்லை. மறுநாள் காலை அவள் அவர் கையிலிருந்து ஒரே ஊசியில் இரண்டு குப்பி நிரப்பினாள். ஒன்றில் 'சிகிச்சைக்கு முன்', இன்னொன்றில் 'சிகிச்சைக்குப் பின்' என்று எழுதி ஒட்டி, அவரையும் அழைத்துக்கொண்டு மாடியேறினாள்.

முதல் குப்பிக்குக் குண்டு இடப்பக்கம் சுற்றியது. இரண்டாவதற்கு வலப்பக்கம். கூட்டம் கை தட்டியது.

ஓட்டுநர் எழுந்தார். "ஐயா, ரெண்டும் என் ரத்தம். காலையில ஒண்ணா எடுத்தது."

வைத்தியர் சளைக்கவில்லை. "எழுத்துல இருக்கிற அதிர்வு குழப்பிடுச்சு."

"அப்போ எழுத்தே வேணாம்." தங்கை இரண்டு சீட்டையும் கிழித்தாள். குப்பிகளை முதுகுக்குப் பின்னால் இடம் மாற்றி மேசையில் வைத்தாள். "இப்ப பிடிங்க."

குண்டு அசையவில்லை. அதற்கு ரத்தம் பார்க்கத் தெரியாது, எழுத்து வாசிக்க மட்டுமே தெரியும் என்பது அன்று நிரூபணமானது. வைத்தியர் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிப் பின்வாசல் வழியாகப் போனார். வரவேயில்லை.

அன்று மாலை டாக்டர் ஓட்டுநரின் இதயக் குழாயில் அடைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். "தினமும் என் பின்னாடி அறுபது பேர் உக்காந்து வந்தாங்களே" என்று மட்டும் சொன்னார் ஓட்டுநர். அவர் கை தங்கையின் கையை விடவில்லை.

மறுநாள், மாடி வரிசையில் நின்ற ஒருவர் தங்கையைத் தெருவில் வழிமறித்துக் கேட்டார்: "குண்டு பிடிக்கறவர் வேற யாராவது நம்பிக்கையா இருக்காங்களாம்மா?"

இதயத்தின் அடைப்பை டாக்டர் திறந்துவிடுவார். மூளையின் அடைப்பை அவரவர்தான் கேள்வி கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும்.