பூசணிக்காய்க்குப் போட்ட பூட்டு

“பூட்டு போடாத புத்தகத்துல என் பேரு வராது, டெஸ்மண்ட். சொல்லிட்டேன்.”

சேறு அப்பிய ரப்பர் பூட்ஸுடன் நாற்காலியில் உட்கார்ந்து நோலீன் ஹாஸ்லம் இதைச் சொன்னபோது, டெஸ்மண்ட் ட்ருவினின் வாயில் பாதி சாண்ட்விச் இருந்தது. அதை விழுங்குவதற்குள் அவர் அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

“ஒரே ஒரு பிரதி திருட்டுத்தனமா வெளிய போச்சுன்னு வை, அடுத்த புத்தகம் லான்செஸ்டன் பதிப்பகத்துக்காரனுக்குத்தான்.”

பார்க்கர்ஸ் க்ரீக் ஊரில் இறைச்சிக் கடை மாடியில் இரண்டு அறை, இரண்டு கணினி, பெட்டினா என்று ஒருத்தி. ட்ருவின் பதிப்பகம் என்பது இவ்வளவுதான். டெஸ்மண்ட் பதினோரு வருடமாக உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தான். அவற்றைக் கவிஞர்களின் மனைவிமார்கூடப் படித்ததாகத் தகவல் இல்லை. ஜனங்கள் கேட்டு வாங்குகிற ஒரே எழுத்தாளர் நோலீன். மார்ச் மாதக் கண்காட்சியில் ராட்சசப் பூசணிக்கான பரிசை ஒன்பது வருடமாக வேறு யாரையும் தொடவிடாத அம்மாள். அவர் போய்விட்டால் பதிப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். மூடினால், மச்சானுடைய டைல்ஸ் கடையில் நின்று, குளியலறைக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். மச்சான் இவன் அளவுக்குக் கடைப் பெயர் போட்ட சட்டையே வாங்கி வைத்திருந்தான். கிராதகன்!

“பிரமாதமான பூட்டாப் போட்டுடலாம்” என்றான் டெஸ்மண்ட். “மின்புத்தகம் எந்த வடிவத்துல வேணும்?”

“அச்சடிச்ச மாதிரி பக்கம் பக்கமா. நான் வச்ச படம் வச்ச இடத்துல இருக்கணும்.”

“அப்ப பிடிஎஃப்” என்றாள் பெட்டினா.

செப்டம்பரில், ஊரார் விதை போடத் தயாராகிற நேரத்தில், ‘ராட்சசப் பூசணி: என் ரகசியங்கள்’ பிடிஎஃப் வடிவில் வெளியானது. பதினாறு எழுத்துக் கடவுச்சொல் அதற்குக் காவல். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் தொலைபேசி வந்தது. ஆற்றுக்கு அந்தப்புறம் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிற பெரியவர் கிளாரி பேசினார். வயது எழுபத்தொன்பது.

“டெஸ்ஸு, எழுத்து எறும்பு மாதிரி இருக்கேப்பா.”

“போன்ல பார்க்கிறீங்களா? ரெண்டு விரலால இழுத்துப் பெரிசு பண்ணுங்க.”

“பண்ணினேன். இப்ப ஒரு வரியைப் படிக்க மேற்கேயிருந்து கிழக்கே போக வேண்டியிருக்கு. போயிட்டுத் திரும்பறதுக்குள்ள முதல் வார்த்தை மறந்து போகுது. கடவுச்சொல்லு வேற! அதை அடிச்சு முடிக்கறதுக்குள்ள போன் தூங்கிடுது. எழுப்பினா மறுபடி முதல்லேருந்து கேக்குது.”

அன்றைக்கு மட்டும் இப்படிப் பதினேழு பேர். பூசணி போடுகிறவர்களில் கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு என்பது பதிப்பாளருக்கு அன்றுதான் உறைத்தது.

“இ-பப் வடிவத்துக்கு மாத்திடலாம்” என்றாள் பெட்டினா. “அது திரைக்குத் தக்கபடி ஓடும். எழுத்தை எவ்வளவு வேணும்னாலும் பெரிசு பண்ணிக்கலாம்.”

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

“சொன்னேன். நீ சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்தே.”

மாற்றினார்கள். எழுத்து நன்றாகத்தான் ஓடியது. கூடவே படங்களும் ஓடின. எழுத்தை ஒரு அளவு பெருக்கினால் விதைப் படம் உரப் பக்கத்துக்குப் போனது. மூன்று அளவு பெருக்கினால், அதாவது ஊரில் பாதிப் பேர் பார்க்கிற அளவில், நோலீனின் கணவர் மெர்வ் தோட்டத்து நாற்காலியில் தூங்குகிற படத்துக்குக் கீழே இந்த வாசகம் வந்து நின்றது: ‘அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள். ஈரமான சத்தம் கேட்டால் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.’

மறுபடி ரப்பர் பூட்ஸ் மாடிப்படி ஏறியது.

“நேத்து மதுக்கடையில ரெண்டு பேரு மெர்வைத் தட்டிப் பார்த்திருக்கானுங்க!”

“என்ன சத்தம் கேட்டுச்சாம்?” என்றாள் பெட்டினா.

“பெட்டினா, நீ போய் டீ போடு” என்றான் டெஸ்மண்ட் அவசரமாக. “நோலீன், படத்தை இன்னிக்கே சரி பண்ணிடறேன்.”

“படம் கிடக்கட்டும். பூட்டு எங்கே? என் தங்கச்சி மக கடவுச்சொல்லே இல்லாம திறந்து படிக்கிறா!”

பிடிஎஃப்புக்குப் போட்ட பூட்டு இ-பப்புக்கு வராது என்பதை அவசரத்தில் இரண்டு பேருமே மறந்துபோயிருந்தார்கள். டெஸ்மண்டுக்கு டைல்ஸ் கடைச் சட்டை கண்ணில் ஆடியது. அன்று மாலைக்குள் சிட்னியில் ஒரு கம்பெனியைப் பிடித்து, அவர்களிடம் இருந்ததிலேயே கெட்டியான பூட்டை வாங்கினான். ஒரு பிரதி ஒரே ஒரு கருவியில்தான் திறக்கும். திறக்கிற ஒவ்வொரு தடவையும் இணையத்தில் சிட்னிக்குப் போய் அனுமதி கேட்டு வரும். போதாக்குறைக்கு, வாங்கினவர் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

“இது பூட்டு!” என்றார் நோலீன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

விளைவு உடனே தெரிந்தது. பரிசுக்கு நிஜமாகவே போட்டி போடுகிற இருபது இருபத்தைந்து பேரில் ஒருவரும் புத்தகத்தை வாங்கவில்லை. ஒன்பது வருடமாகத் தங்களைத் தோற்கடிக்கிற பெண்பிள்ளையிடம் பாடம் கேட்டதற்குப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எந்த ஆம்பிளை முன்வருவான்? வாங்கியவர்களெல்லாம் வீட்டுக் கொல்லையில் ஒரு கொடி விடுகிற சாதுக்கள். அவர்களால் திறக்க முடியவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் இணையம் கிடைப்பதே பெரிய பாடு. வீட்டில் திறந்தால் தோட்டத்தில் மூடிக்கொண்டது. தோட்டத்தில் வந்து சிட்னியைக் கேட்டால் சிட்னி பதில் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் கிளாரி மறுபடி பேசினார். குரலில் காற்று வீசியது.

“டெஸ்ஸு, இப்பத் திறந்துடுச்சு. நாப்பத்தோராம் பக்கம் படிச்சுக்கிட்டிருக்கேன்.”

“அப்பாடா! எங்கேயிருந்து பேசறீங்க?”

“தண்ணித் தொட்டி மேலேருந்து.”

“எது மேலேருந்து?”

“ஏணி வச்சு ஏறினேன். இங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்குது. படிச்சு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இறங்கி, கொடிக்குச் செஞ்சுட்டு, மறுபடி ஏறிப் பார்ப்பேன். இன்னிக்கு இது அஞ்சாவது தடவை. இடுப்பு மூட்டு மாத்தினப்புறம் டாக்டர் நல்லா நடக்கச் சொன்னாரு, ஏறக்கூடாதுன்னு சொன்னாரு. அதுல ஒண்ணு கேக்கறேன்ல?”

 கிழவர் தொட்டியிலிருந்து விழுந்து செத்தால் மரண விசாரணையில் தன் பூட்டைப் பற்றியும் கேட்பார்கள் என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது. பாவமாகவும் இருந்தது. பெட்டினா மதியச் சாப்பாட்டுக்குப் போனதும், பூட்டும் பெயரும் இல்லாத சுத்தமான பிரதியைத் தானே கிளாரிக்கு அனுப்பினான்.

“யாருக்கும் காட்டாதீங்க. என் பொழைப்பே போயிடும்.”

“என் வாயிலேருந்து ஈ கூடப் போகாது” என்றார் கிளாரி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பெட்டினா தன் செல்போனை அவன் மேஜைமேல் வைத்தாள்.

“பால் பண்ணையில வேலை பாக்கற எங்க சித்தப்பா வச்சிருந்தாரு. அவருக்கு யாரோ அனுப்பினதாம். போட்டிக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் இருக்கு. ‘கமுக்கமாப் படிச்சுட்டு அழிச்சுடு’ன்னு சொல்லிச் சொல்லி அனுப்பறாங்க.”

டெஸ்மண்ட் பக்கத்தின் அடியைப் பார்த்தான். பெயர் இல்லை. சுத்தமான பிரதி. 

“ஊர்ல கம்பளிக்குப் பஞ்சம், தெரியுமா?” என்றாள் பெட்டினா. “கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் காயை ரெண்டு கம்பளியில சுத்தணும், சர்க்கரைப் பாகு கரைச்ச தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்கணும், கண்காட்சி வரைக்கும் பிரிச்சே பார்க்கக்கூடாதுன்னு எழுதியிருக்கில்ல? பழைய துணிக் கடையில ஒரு கம்பளி மிச்சமில்லை. இந்தக் கோடை வெயில்ல!”

டெஸ்மண்ட் நேராகக் கிளாரி வீட்டுக்குப் போனான். கிளாரி பைபிள் மேல் சத்தியம் செய்தார். பைபிள் அகப்படாததால் முதலில் டிராக்டர் கையேட்டின் மேலும் செய்தார். டெஸ்மண்ட் நம்பவில்லை. நம்பாமலே திரும்பி வந்து, தன் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தான். உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டம் கட்டி ஒரு அறிவிப்புக் கொடுத்தான்: ‘ராட்சசப் பூசணி நூலின் திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்கள் உடனே அழித்துவிடவும். மீறினால் சட்டப்படி நடவடிக்கை.’

திருட்டுப் பிரதி ஒன்று உலவுகிறது என்பது அதுவரை பார்க்கர்ஸ் க்ரீக்கில் மட்டும்தான் தெரியும். அறிவிப்பு வந்தபிறகு மூன்று மாவட்டங்களில் தெரிந்தது. ‘எங்கே கிடைக்கும்?’ என்று பதிப்பகத்துக்கே பதினொரு பேர் எழுதிக் கேட்டார்கள்.

அன்று மாலை நோலீன் பேசினார்.

“அறிவிப்பைப் பார்த்தேன், டெஸ்மண்ட்.”

“நோலீன், நான் வந்து...”

“பெரிய எழுத்துல போட்டிருக்கலாம். பூட்டை மட்டும் எடுத்துடாதே, என்ன?”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த அமைதியைக் கேட்டு டெஸ்மண்ட் இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தெருவில் ரப்பர் பூட்ஸைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனான். மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, “சட்டை இன்னும் சேருமா? இளைச்சிட்டியாமே” என்று விசாரித்தான்.

மார்ச் மாதம் கண்காட்சி வந்தது. என்ன ஆனாலும் சரி, நோலீன் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து டெஸ்மண்ட் போனான். வாசலிலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது. பூசணிப் பந்தலில் இருபத்திரண்டு மேடை போட்டிருந்தார்கள். இருபது காலி. காலையில்தான் எல்லாரும் கம்பளியைப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது காய் இல்லை, கூழ். சிலர் அதை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பால் பண்ணைச் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? புத்தகம் தப்பு என்றால், உனக்கு ஏது புத்தகம் என்ற கேள்வி வருமே!

ஒரு மேடையில் நோலீனின் பூசணி, நானூற்றுப் பன்னிரண்டு கிலோ, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் இறைச்சிக் கடைக்காரர் மனைவியின் முப்பத்தெட்டு கிலோ காய். அந்த அம்மாள் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, இன்று வரை திறக்க முடியாமல் கிடப்பவர். அவருக்கு இரண்டாம் பரிசு.

நோலீன் கழுத்தில் பரிசு நாடாவோடு லாமிங்டன் என்கிற தேங்காய்க் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

“நோலீன், நான்தான் பாவி!” என்றான் டெஸ்மண்ட். “சுத்தமான பிரதியை நான்தான் கிளாரிக்கு அனுப்பினேன். அவர்கிட்டேருந்துதான் ஊர் பூரா போச்சு. நீங்க லான்செஸ்டனுக்குப் போறதுன்னா போங்க. நான் டைல்ஸ் விக்கப் போறேன்.”

நோலீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வாயிலிருந்த தேங்காய்த் துருவலைத் துடைத்துக்கொண்டார்.

“கிளாரிக்கு நீயா அனுப்பினே?”

“ஆமா. தண்ணித் தொட்டியிலேருந்து விழுந்துடுவாரோன்னு...”

“போகட்டும் விடு. மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான். அடுத்த புத்தகமும் உனக்குத்தான். தக்காளி. பூட்டு மட்டும் இதைவிடப் பெரிசா இருக்கணும்.”

டெஸ்மண்டுக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே அழுதான். அழுதுகொண்டே, பூசணியை வண்டியில் ஏற்றக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மெர்விடம் ஓடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க வீட்டம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு, மெர்வ்! ஊரே அவங்க ரகசியத்தைத் திருடியிருக்கு, ஒரு வார்த்தை திட்டலை. கடவுளாப் பார்த்துத்தான் கம்பளிக்குள்ள உங்க காயை மட்டும் அழுகாமக் காப்பாத்தியிருக்காரு.”

மெர்வ் முடிச்சை இறுக்கிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“கம்பளியைச் சுத்தினா எந்தக் காயும் அழுகத்தான் செய்யும், டெஸ்ஸு; எல்லாருக்கும் அந்தத் திருட்டுப் பிரதியை அனுப்பி வச்சதே நோலீன்தான், ஆனா நீ அவ்வளவு பெரிய பூட்டு போடலேன்னா அது நிஜ ரகசியம்னு ஒருத்தனாவது நம்பியிருப்பானா?”