பின் அடித்த பாடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீ நலம் என்று அத்தான் சொன்னார். நான் நலமில்லை என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

விளையாட்டு வாத்தியாருக்கு இந்தப் பாடத்தில் என்ன வேலை என்று கூட்டத்தில் கேட்டாயே, கேள். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வந்ததும் முதல் காரியம், இனப்பெருக்கப் பாடத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடுவது. இந்த வருடம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் அவசர அவசரமாகப் பின்னைப் பிடுங்கினார்கள். உயிரியல் டீச்சருக்கு அன்றே தொண்டை கட்டிக்கொண்டது. வேதியியல் சார் நைசாக நழுவிவிட்டார். தலைமையாசிரியை என் கழுத்து விசிலைப் பார்த்து, "உடற்கல்வின்னா உடம்பு பத்தினதுதானே சார்? நீங்களே நடத்திடுங்க" என்று தலையில் கட்டிவிட்டார்.

பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கருப்பையை வரைந்தேன். எனக்கு மைதானத்துக் கோடுதானே போட வரும்! "சார், இதுல கோல் போஸ்ட் எங்க?" என்றது பின் பெஞ்சு. சிரிப்பு அடங்குவதற்குள் ஈனஸ்வரத்தில் ஒரு பெண் குரல்: "சார், அடியே படாம ரத்தம் வந்தா செத்துடுவோமா?" நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அக்கா. விசில் அடித்து, அத்தனை பேரையும் மைதானத்துக்கு விரட்டி, ஓடு ஓடென்று ஓடவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. அது யார் பெற்ற பிள்ளையோ!

இதற்குள் என் கோல் போஸ்ட் படம் வீடு வீடாகப் போய், கூட்டம் கூடி, நீ முதல் ஆளாக எழுந்து, "வயசு வந்தா பிள்ளைங்க தானா தெரிஞ்சுக்கும். நமக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாய். ஒரே கைதட்டல். நீ சொன்னதே சரி. நாளைக்கே பாடத்தைத் திருப்பிக் கொடுத்து, என் கையாலேயே பின் அடித்துவிடுகிறேன். கோபத்தை விட்டுப் போனை எடு.

அத்தானுக்கு வணக்கம். உன் மகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடு. உறையை ஒட்டும் நேரத்தில் உன் மகள் வந்தாள். பள்ளியில் என்னை 'சார்' என்று கூப்பிடுபவள், வாசலிலேயே "மாமா, அன்னைக்குக் கேட்டது நான்தான்" என்று உடைந்து அழுதாள். இத்தனை நாளும் சாகப்போகிறோம் என்றே நினைத்திருக்கிறாள் அக்கா! முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. பாடத்தை இனி விடமாட்டேன். "இவ்வளவுதானா? இத ஏன் மாமா அம்மா எனக்குச் சொல்லல?" என்று கேட்டாள். கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். உன் எதிரில்தான் நிற்கிறாள், பதிலை நீயே சொல்.