மாதிரி டப்பா

காலை எட்டரை மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் குளிர்பெட்டியைத் திறந்த சமையலக்காவுக்குப் பகீரென்றது. மாதிரி டப்பா இருந்தது. உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை.

அன்றன்று சமைத்ததில் ஒரு பிள்ளைக்கான அளவை எடுத்து, தேதி ஒட்டி, மறுநாள் வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் அதைத்தான் சோதிப்பார்கள். மாதிரி இல்லையென்றால் சமைப்பவருக்கு வேலை இல்லை. பதினோரு மணிக்கு ஆய்வாளர் வருகிறார்.

"சார், நேத்து வச்ச சோறும் பருப்பும் கீரையும் எங்க?"

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"தலைமையாசிரியர் ருசி பாக்கணும்னு விதி இருக்குல்லம்மா?"

"ஒரு கரண்டி சார்! அதுவும் பரிமாறுறதுக்கு முன்னாடி!"

"சாயங்காலம் லேசா மயக்கமா இருந்துச்சு. ஒரு கரண்டிதான் எடுத்தேன். அப்புறம் நிறுத்த முடியல. இவ்வளவு ருசியா ஆக்கச் சொன்னது யாரு?"

சமையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக அண்டாவோடு சேர்ந்து வேகிறாள். 'பிள்ளைகளின் உணவில் பணியாளர்கள் கைவைக்கக் கூடாது' என்று சமையற்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒரு வாய் அள்ளிப் போட்டதில்லை. இந்த மனுஷர் டப்பாவையே வழித்து நக்கிவிட்டு, ருசி பார்த்தேன் என்கிறார்!

"பதறாத. குளிர்பெட்டி ரிப்பேர், மாதிரி கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம்." பதிவேட்டைத் திறந்து அழகான கையெழுத்தில் எழுதியும் விட்டார்.

"ரிப்பேர்னா மூணு மாசம் சமையலை நிறுத்தணும்னு அதே பக்கத்துல கீழ போட்டிருக்கு சார்."

தலைமையாசிரியர் படித்துப் பார்த்தார். பக்கத்தைச் சர்ரென்று கிழித்தார். கிழித்த பிறகுதான் மூலையில் அச்சடித்திருந்த பக்க எண் கண்ணில் பட்டது. நாற்பத்து மூன்று.

"போச்சு!" என்றாள் சமையலக்கா.

"உன் சாப்பாட்டு டப்பால என்ன இருக்கு?"

"சோறும் பருப்பும்."

"அட, பாதிக் கிணறு தாண்டியாச்சு! அதைக் கொட்டு. கீரை கரைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்."

அன்றைக்கு மதியச் சாப்பாடு அவளுக்கு அதுதான். வயிற்றெரிச்சலோடு கொட்டினாள்.

ஆய்வாளர் வந்தார். மற்ற நாளாயிருந்தால் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இன்றைக்குப் பதிவேடு நாற்பத்து இரண்டிலிருந்து நாற்பத்து நான்குக்குத் தாவியது. அவர் புருவமும் தாவியது.

"ஏதோ மறைக்கிறீங்க" என்று சொல்லி, டப்பாவுக்கு முத்திரை வைத்துச் சோதனைக்கே கொண்டுபோய்விட்டார்.

மூன்றாம் நாள் கிளார்க்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். சோதனை அறிக்கையைச் சமையலக்காவின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"புரதம் கால்வாசிகூட இல்ல. இரும்புச்சத்து இல்லவே இல்ல. காய்கறியைக் கண்ணுலயே காட்டல. தினம் இதைத் தின்னா மனுஷன் எப்படி எழுந்து நிப்பான்? இது சோறா? அக்கிரமம்! ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா?"

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிளார்க் பணிநீக்க உத்தரவில் தேதி போட்டார்.

சமையலக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சார், அது பிள்ளைங்க சோறு இல்ல. என் சோறு! பதினோரு வருஷமா மத்தியானம் நான் திங்கிறது அதுதான். மாதிரியை இவரு தின்னுட்டாரு. வேலை போனாப் போகுது, பிள்ளைங்களுக்கு நான் குறை வச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. அண்டாவைத் திறந்து பாருங்க!"

திறந்தார்கள். பருப்பு கெட்டியாக இருந்தது. காய் தாராளம். முட்டை தலைக்கு ஒன்று சரியாக இருந்தது. ஆய்வாளர் ஒரு கரண்டி வாயில் போட்டார். இன்னொரு கரண்டியும் போட்டார். பிறகு கையிலிருந்த அறிக்கையையும் எதிரே நின்ற சமையலக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபம் இப்போது யார் பக்கம் திரும்பப் போகிறதோ என்று தலைமையாசிரியர் ஓரடி பின்வாங்கினார்.

கிளார்க்தான் பெருமூச்சு விட்டு, உத்தரவை இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

"அப்பாடா! அப்ப ஒரு குறையும் இல்ல சார், கையெழுத்துப் போட்டு முடிச்சுடுங்க. சமைக்கிறவங்க என்ன திங்கணும்னு நம்மகிட்ட விதியே கிடையாதே!"