ஊமெபோஷிக்கு ஒரு வழியனுப்பு விழா

சாயோகோ அரிசி களைந்துகொண்டே மறுபடியும் அதே மெட்டை முணுமுணுத்தாள். முனெகாத்தா மிசோ சூப் கிண்ணத்தை டொக்கென்று கீழே வைத்தான்.

“அதை விட்டா வேற பாட்டே இல்லையா ஒனக்கு?”

“வாயில தானா வருதுங்க. ஒங்க கம்பெனி கேம்ல வர்றதுதானே?”

அங்கேதான் வினையே. கம்பெனி அவனுடையது, மெட்டு அவனுடையது இல்லை. ‘ஏழாம் கிணறு’ என்ற அந்த வீடியோ கேமுக்கு இசை போட்டவர்கள் இரண்டே பேர். கதாநாயகன் ஊருக்குள் நடக்கும்போது வரும் துள்ளல் மெட்டு கஜிதானி போட்டது, அதுவும் ஒரே மத்தியானத்தில். கிணற்றுக்குள் இறங்கியபின் வரும் இசை முனெகாத்தாவினுடையது. ஒரே நேரத்தில் மூன்று சுரத்துக்கு மேல் பாடத் தெரியாத அந்த விளையாட்டு யந்திரத்தோடு ஆறு வாரம் மல்லுக்கட்டிப் போட்டது. கட்டின பெண்டாட்டியோ ஊரைவிட்டுக் கிணற்றுப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறாள்.

ஆபீசுக்குப் போகும் வழியில் வாங்கிய பத்திரிகை எரிகிற வயிற்றில் எண்ணெய் வார்த்தது. வாசகர்கள் தபால் அட்டையில் ஓட்டுப்போடும் ‘இந்த ஆண்டின் இசையமைப்பாளர்’ பட்டியலில் இதுவரை ஊமெபோஷிக்கு மூன்றாம் இடம். தக்குவானுக்குப் பதினாறு.

அந்த நாளில் ஒசாக்கா கம்பெனிகள் எதுவும் இசையமைப்பாளரின் சொந்தப் பெயரை வெளியே விடாது. விட்டால் போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான். எனவே கேமின் கடைசியில் வருவதெல்லாம் புனைபெயர்தான். முதலாளி இவாபுச்சி இன்னும் ஒரு படி மேலே போனார். யாருக்கு எந்தப் பெயர் என்று அவரவருக்கே சொல்லவில்லை. சொன்னால் குடித்துவிட்டு உளறுவீர்கள் என்றார். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே உப்பில் ஊறிய ஊமெபோஷிப் பழம் ஒன்றும், தக்குவான் என்கிற முள்ளங்கி ஊறுகாய் இரண்டு துண்டும் கிடந்தன. பெயர் சூட்டு விழா அத்துடன் முடிந்தது. எது யாருடைய பெயர் என்பது அவருக்கும் நிர்வாகப் பிரிவின் தொக்குனாகா அம்மாளுக்கும் மட்டுமே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளையா வேண்டும் என்று நினைத்தான் முனெகாத்தா. கஜிதானி தினமும் சோற்றுக்கு நடுவில் ஊமெபோஷி வைத்துத்தான் சாப்பிடுகிறான். ஊரே முணுமுணுப்பதும் அவன் மெட்டைத்தான். பிறகென்ன சந்தேகம்? தன்னைவிட ஒன்பது வயது சின்னவன், நேற்று வந்த பயல், மூன்றாம் இடம். பொறாமை என்று பெயர் சொல்லிக்கொள்ளக்கூட முனெகாத்தா வெட்கப்படவில்லை. பொறாமைதான்.

அன்றே பதினொரு தபால் அட்டை வாங்கினான். பதினொரு விதமான கையெழுத்தில், பதினொரு ஊர்க்காரனாக மாறி, ஊமெபோஷியின் இசை பல்வலி தருகிறது, பாட்டை நிறுத்தியதும் எங்கள் வீட்டு நாய் சாப்பிட ஆரம்பித்தது என்றெல்லாம் எழுதிப் போட்டான். நாய் விஷயத்தைப் பத்திரிகை அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போட்டது. போட்டதுதான் தாமதம், நாடெங்கும் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொதித்துப்போய் அட்டை அட்டையாக எழுதித் தள்ளினார்கள். ஊமெபோஷிக்கு முதலிடம். தக்குவான் பட்டியலிலேயே இல்லை.

முனெகாத்தா அடுத்த அஸ்திரத்தை எடுத்தான். இடது கையால் முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடிதம்: உங்கள் ஊமெபோஷி டோக்கியோ கம்பெனி ஆளோடு உமேதாவில் சுகியாக்கி சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். முதலாளி பதறித்தான் போனார். ஆனால் பதறிப்போய்ச் செய்த காரியம் வேறு. ‘ஏழாம் கிணறு’ இரண்டாம் பாகத்துக்கு முழு இசையும் ஊமெபோஷிதான் என்று மறுநாளே ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். கோபித்துக்கொண்டு ஓடப்போகிறவனைக் குளிரவைக்கிறாராம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, நான்காம் நாள் முனெகாத்தா நேரே முதலாளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

“முதலாளி, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். ஊமெபோஷியை இந்த ஊர்ல வச்சிருக்காதீங்க.”

இவாபுச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தார். “நீயா வந்து இதைச் சொல்ற?”

“நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? புகழ் வந்தா யாருக்கும் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். இன்னைக்கி இல்லன்னா நாளைக்கி எவனாவது வந்து கூப்புடுவான். ஆசை யாரை விட்டுச்சு? எவன் கண்ணுலயும் படாத எடமாப் பாத்து அனுப்பிடுங்க.”

“ரெண்டாம் பாகம்?”

“அனுப்பற எடத்துல ஒக்காந்து போடட்டுமே. தனியா இருந்தாத்தான் வேலை ஓடும்.”

முதலாளி எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “முப்பது வருஷமாத் தொழில் பண்றேன்ப்பா. இப்படி ஒரு விசுவாசத்தை நான் பாத்ததில்ல.”

விசுவாசம் என்றதும் முனெகாத்தாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதிக நேரம் உறுத்தவில்லை.

திங்கட்கிழமை பலகையில் ஆணை ஒட்டப்பட்டது. ரகசியம் காக்க அதிலும் புனைபெயர்தான். ‘ஊமெபோஷி: வக்கனாய்க் கிடங்கு, மூன்று வருடம். கடிதம் வெள்ளிக்கிழமை நேரில் தரப்படும்.’ வக்கனாய் என்றால் நாட்டின் வடகோடி. பழுதான விளையாட்டு யந்திரங்களும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்தான் அங்கே துணை. குடும்பத்தைக் கூட்டிப்போக வீடும் கிடையாது. மாற்றல் ஆணை வந்தால் மறுபேச்சுப் பேசுகிற வழக்கம் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

கஜிதானி பலகைக்கு முன்னால் வெளிறிப்போய் நின்றான். அவனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

“அண்ணே, இது நானா இருக்குமோ?”

“யாரா இருந்தா என்னப்பா, போய்த்தானே ஆகணும்,” என்றான் முனெகாத்தா. சொல்லும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

வழியனுப்பு விழாவைத் தானே எடுத்துச் செய்வதாக வலியப் போய்ப் பொறுப்பேற்றான். ஒரு சாப்பாட்டுக் கடையில் மாடியறை பிடித்தான். கடை கடையாக ஏறி இறங்கி, வயிற்றில் சுற்றிக்கொள்ளும் தடித்த கம்பளிப் பட்டை வாங்கினான். சிவப்பு நிறம், வடக்குக் குளிருக்கென்றே நெய்தது. அந்த வாரம் முழுக்க அவனுக்கு அப்படிப் பசித்தது. சாயோகோ முணுமுணுத்தபோது கூடச் சேர்ந்து தாளம் போட்டான். அவள்தான் பயந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனியின் பதினாலு பேரும் மாடியறையில் கூடினார்கள். தொக்குனாகா அம்மாள் மட்டும் கடிதத்துக்கு முத்திரை வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். முனெகாத்தா பீர் கோப்பையோடு எழுந்தான். ஊமெபோஷி யார் என்று சொல்ல நமக்கு அனுமதி இல்லை, ஆனாலும் நம் எல்லோருக்கும் தெரியும் என்று ஆரம்பித்து, திறமை இருக்கிற இடத்தில் பிரிவும் இருக்கும், மூன்று வருடம் மூன்று நாளாகப் பறந்துவிடும், வீட்டில் மனைவி தைரியமாக இருக்கவேண்டும் என்று கால் மணி நேரம் பேசினான். இரண்டு பேர் அழுதார்கள். முதலாளி மூக்கைச் சிந்தி, இப்படிச் சிரித்த முகத்தோடு பேச எவனால் முடியும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

பிறகு முனெகாத்தா கஜிதானிக்கு முன்னால் மண்டியிட்டு, சிவப்புக் கம்பளிப் பட்டையை இரண்டு கையாலும் நீட்டினான். கஜிதானி அதை வாங்கப் போனான்.

அப்போது மூச்சிரைக்கப் படியேறி வந்த தொக்குனாகா அம்மாள், கையிலிருந்த கடித உறையை முனெகாத்தாவின் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அதை எதுக்கு அவருக்குக் குடுக்கறீங்க, குளிரப்போறது ஒங்களுக்குத்தானே, ஊமெபோஷி சான்?”