கிராஃப் அண்ணன் வைத்த குச்சி

கெட்ட செய்தியை நல்ல செய்தியாகவும், நல்ல செய்தியைக் கெட்ட செய்தியாகவும் மாற்றிச் சொல்ல மரக்காணத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடிந்தது. எங்கள் உப்பளத்தில் மோட்டார் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த கிராஃப் அண்ணன். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டால், அதற்கும் ஒரு கோடு வரைந்து காட்டுவார்.

எங்கள் மேஸ்திரிக்குச் சர்க்கரை கூடியபோது ரிப்போர்ட்டைப் பிடுங்கிக் கழித்துப் பார்த்தார்.

"போன மாசம் நாப்பது ஏறிச்சு. இந்த மாசம் இருபது. இன்னும் ஏறிக்கினுதான் இருக்குது. ஆனா ஏர்ற வேகம் கொறையுதுய்யா!"

பின்பாதியை மட்டும் காதில் வாங்கிய மேஸ்திரி சந்தோஷத்தில் ஜிலேபி சாப்பிட்டார். வருஷ முடிவில் அவர் காலில் ஒரு விரலை எடுத்தார்கள்.

வேகம் குறைந்துகொண்டே ஏறினால் கவுத்த சட்டி, கூடிக்கொண்டே ஏறினால் நிமித்திய சட்டி என்பார் அண்ணன். ஒன்று மற்றொன்றாகும் இடம் வளைவு மாற்றப் புள்ளி. இரண்டாம் வகைக்கெழு, அதாவது வேகம் கூடிக் குறையும் அளவு, அங்கே பூஜ்ஜியம். "ஆனா சைபர் மட்டும் பத்தாது. அந்தாண்ட குறி மாறுதான்னு பாக்கணும்" என்று விரலை ஆட்டுவார். நாங்கள் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம்.

அப்புறம் அந்தப் புயல் மழை. ஆபீசை ஒட்டிய வரிசை வீட்டில், இடுப்பெலும்பு முறிந்து அம்மா கட்டிலில் கிடந்தாள். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போவதா, இங்கேயே இருப்பதா? அசைத்தாலே உயிர் போகிற மாதிரி அலறுவாள். அண்ணன் ஆபீஸ் படியோரம் ஒரு குச்சியை நட்டு, கால் மணிக்கு ஒரு தரம் விரலால் அளந்துகொண்டிருந்தார்.

தண்ணீர் முதலில் நான்கு விரல் ஏறியது. பிறகு மூன்று. பிறகு இரண்டு. அடுத்த முறையும் இரண்டே.

"அண்ணே, நீங்க சொல்ற சைபர் வந்துட்டுது! இனிமே வடிஞ்சிடும்" என்றார் மேஸ்திரி.

"அந்தாண்ட பாக்காம வாயத் தொறக்காத."

கால் மணி கழித்து மூன்று விரல். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"சட்டி நிமிந்துடுச்சு! எல்லாரும் கெளம்புங்க!"

மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

"இன்னாடா இளிப்பு? உங்கம்மாவத் தூக்குடா!"

கட்டிலோடு தூக்கினோம். அம்மா வழி முழுக்க அலறினாள். இடுப்பளவுத் தண்ணீரில் மேட்டை அடைந்து திரும்பிப் பார்த்தபோது எங்கள் வீட்டுச் சுவர் சரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் எங்களோடு வரவில்லை. உப்பளத்தின் கடைசியில் இருந்த நான்கு வீடுகளுக்குப் போயிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் நனைந்து வந்து சேர்ந்தார்கள்.

"யாரோ ஒருத்தரு சட்டி சட்டின்னு கத்திக்கினே கதவ ஒடச்சிட்டாருங்க. பைத்தியம்னு நெனச்சோம். எங்க பின்னாடிதான் வந்தாரு."

மறுநாள் உப்புப் பாத்தியின் வரப்போரம் அவரை எடுத்தோம். சட்டைப்பையில் பென்சில் இருந்தது. அழுதேன். மேஸ்திரி என்னைவிட அதிகம் அழுதார்.

அம்மா இப்போது கோலூன்றி நடக்கிறாள். முந்தாநாள் பத்து அடி, நேற்று பன்னிரண்டு, இன்று பதினைந்து. கழித்துப் பார்க்க எனக்கே தெரியும். ஆனாலும் அதை அண்ணன் வாயால் கேட்க வேண்டும் போலிருக்கிறது.