கறுங்கட்டம் பெற்றவர்கள்

நதிக்கரைகளில் நாகரிகம் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பழைய கணக்கு. பிறந்த நாகரிகம் வளர்ந்து, படித்து, கார் வாங்கி, கடைசியில் எங்கள் வணிக வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அதற்கப்புறம் நகரவில்லை.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. வளாகக் கடை உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் என்ற பொறுப்போடு சொல்கிறேன். பிழைப்புக்கு நகலெடுப்பும் லேமினேஷனும் செய்கிறேன். பெருமைக்குச் செயலாளராக இருக்கிறேன். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் நாங்கள் நடத்தும் "மாபெரும் தூய்மை மற்றும் பராமரிப்புப் பணி"யை நேரில் பார்த்தவர்கள், சுத்தம் என்ற சொல்லுக்கு அதுவரை தாங்கள் வைத்திருந்த அர்த்தத்தை மாற்றிக்கொண்டுதான் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

பணி என்னவோ எல்லா இடத்திலும் உள்ளதுதான். கூட்டிப் பெருக்குவது, எண்ணெய்க் கறைக்குத் தூள் போட்டுத் தேய்ப்பது, பிரஷர் குழாயால் கழுவுவது, மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து சேர்ந்த மண்ணை அள்ளுவது, பிறகு வெள்ளைக்கோடு போடுவது. எங்களை மற்ற வளாகங்களுக்கு மேலே தூக்கி நிறுத்தியது இவற்றில் எதுவும் அல்ல. கட்டம்தான்.

கட்டத்தின் வரலாறு இது. சங்கம் தொடங்கிய ஆண்டில், பணி நடக்கும் அன்று எல்லோரும் காரை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அறிவித்திருந்தோம். எடுத்தார்கள். தலைவர் கார் மட்டும் நின்றது. தலைவர், தூய்மையின் அவசியம் குறித்து மாடியில் தலைமையுரை ஆற்றி முடித்து, நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். சாவி அவர் சட்டைப்பையில். சாவியை எடுத்தால் விழித்துக்கொள்வார். விழித்தால் விட்ட இடத்திலிருந்து பேசுவார். ஆகவே காரைச் சுற்றிக் கழுவுவது என்று ஒருமனதாக முடிவானது.

மாலையில் தலைவர் காரை எடுத்தார். பளபளக்கும் தரையின் நடுவே, கார் நின்ற இடத்தில் மட்டும் கருகருவென்று ஒரு நீள்சதுரம். தலைவர் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"இது என்னப்பா?"

துப்புரவு ஒப்பந்தக்காரர் விசிட்டிங் கார்டில் "தரை நிபுணர்" என்று போட்டுக்கொண்டவர். வாயும் அதே தரத்தில் இருக்கும்.

"உங்க இடம் சார். வேற யாரும் வந்துடக்கூடாதுன்னு அடையாளம் வச்சிருக்கோம்."

தலைவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நல்லா இருக்கே," என்றார். "அழிஞ்சிடாம பார்த்துக்கோங்க."

மறு ஆண்டு பொருளாளரும் காரை எடுக்கவில்லை. அவர் மருந்துக்கடைக்காரர். சாவி தொலைந்துவிட்டது என்றார், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே. அதற்கடுத்த ஆண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அப்புறம் வரிசை கட்டி நின்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு அடியில் அழுக்குச் சேரச் சேரத் தகுதியும் சேர்ந்தது. புதிதாகக் கிடைப்பது சாம்பல் கட்டம். நாலைந்து மழை தாண்டினால் பழுப்பு. தலைவருடையது மட்டும் அசல் கறுப்பு. அந்தப் பக்கம் நடப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒருமுறை யாரோ ஒரு வாடிக்கையாளர் பொருளாளரின் கட்டத்தில் சோடாவைக் கொட்டிவிட்டார். ஒரு மூலை வெளுத்துப்போனது. பொருளாளர் கடையே திறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தோம்.

இவ்வாறாக, எங்கள் தூய்மைப் பணி கார்களுக்கு இடையில் உள்ள சந்துகளைக் கழுவும் பணியாக உயர்ந்தது. சந்தில் கழுவிய அழுக்கு கார்களுக்கு அடியில் போய்ச் சேரும். கட்டம் இன்னும் கறுக்கும். எதுவும் வீணாகாது.

இதில் ஒரு சிறு விஷயம் உண்டு. வளாகத்துத் தண்ணீர் வெளியேற இருப்பது ஒரே ஒரு வடிகால். அதன் மூடி தலைவரின் கட்டத்துக்குள், அதாவது தலைவரின் காருக்கு அடியில் இருந்தது. தலைவர் குழாய், வாஷ்பேசின், தண்ணீர் வெளியேற்றும் சாமான்கள் விற்பவர். ஊரில் பாதி வீடுகளின் தண்ணீர் அவருடைய தயவில்தான் வெளியே போகிறது. அவரிடம் போய் வடிகாலைப் பற்றி யார் பேசுவது? கூட்டங்களில் அதை "அந்த விஷயம்" என்போம். அந்த விஷயம் வந்ததும் டீ வந்துவிடும்.

இந்த மேன்மையையெல்லாம் ரசிக்கத் தெரியாத ஒரே ஆள் கீழ்த்தளத்தில் மெத்தைக்கடை வைத்திருந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் என் தங்கையின் கணவர். சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருந்தார், ஆனால் அதைத் தினமும் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஓடுகிற வண்டிக்கு எப்படிக் கட்டம் கிடைக்கும்? போன மழையில் தண்ணீர் படியிறங்கி அவர் கடைக்குள் போய்விட்டது. மெத்தை தண்ணீரைக் கண்டால் குடிக்கும், குடித்துவிட்டால் நகராது. நனைந்த டபுள் மெத்தை ஒன்றைத் தூக்க ஆறு ஆள் வேண்டும், அதில் இரண்டு பேராவது கெட்ட வார்த்தை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். சரக்கில் பாதி போயிற்று. இன்னொரு முறை தண்ணீர் வந்தால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை என் கடைக்கு வந்தாள். நான் யாருடைய சான்றிதழையோ லேமினேஷன் இயந்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நீதானே செயலாளர்?"

"அதுல என்ன சந்தேகம்?"

"தலைவர்கிட்ட 'காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க'ன்னு சொல்லேன். நாலு வார்த்தை."

"நாலு வார்த்தைன்னு சுலபமா சொல்லிட்ட. அதுல எதை முதல்ல சொல்றதுன்னு ஒண்ணு இருக்கு பாரு."

"நீ எதை முதல்ல சொன்னாலும் சரி. இந்தத் தடவை தண்ணி வந்தா நாங்க எழுந்திருக்கவே முடியாதுண்ணா."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அப்போதுதான் நானும் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். ஓடாது. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. கட்டத்துக்கு ஓட்டம் எதற்கு, நிற்கத் தெரிந்தால் போதாதா? வரப்போகும் பணியில் எனக்கு முதல் சாம்பல் கிடைக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நாக்கை அடக்கிப் பேச வேண்டும். இருந்தாலும் கூடப்பிறந்தவள் ஆயிற்றே என்று, கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"தலைவர் அவர்களே, மழைநீர் வடிகால்..."

"ஆமா, அதைத் திறந்தாச்சா?"

"திறக்க முடியல. அது மேல..."

பொருளாளர் தன்னுடைய மருந்தே தேவைப்படுகிறவர் போல இருமினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது மேல என்ன?"

"ஒரு கார் நிக்குது."

தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார். "வடிகால் மேலயா? பொதுநலம்னு ஒண்ணு தெரியாத ஜென்மமா இருக்கும் போல. இத்தனை நாளா யாருமே கேக்கலையா?"

"கேக்கல தலைவரே."

"ஏன்?"

"பெரிய மனுஷர்."

"எவ்வளவு பெரிய மனுஷன்? என்னை விடப் பெரியவனா?"

"இல்லீங்க. சரியா உங்க அளவு."

"அப்போ என்ன பயம்? நோட்டீஸ் விடுங்க. என் கையெழுத்துலயே விடுங்க."

அன்று தலைவர் காட்டிய துணிவை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. நோட்டீஸை நானே எழுதினேன்: "இதனைக் கண்டவுடன் தங்கள் வாகனத்தை வளாகத்தைவிட்டு அகற்றவும். தவறினால் சங்கமே அகற்றும்." மழையில் நனையாதிருக்க லேமினேஷன் செய்தேன். தலைவர் படித்துப் பார்க்காமல் மேலேயே கையெழுத்துப் போட்டார். தரை நிபுணர் அதைக் கொண்டுபோய் உரிய காரின் முன்கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில், தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, செருகினார்.

மாலையில் தலைவர் வந்தார். எடுத்தார். படித்தார். "நம்ம பசங்களுக்குப் பொறுப்பே கிடையாது, வண்டி மாத்தி வச்சிருக்கானுங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் காரில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கார் பொருளாளருடையது. அவர் வாசகத்தின் கண்டிப்பைப் பாராட்டிவிட்டு அடுத்த காரில் வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன்னால் இவ்வளவு சிறிய எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று அடுத்த காருக்குத் தள்ளினார். இப்படி அந்த நோட்டீஸ், கறுப்பிலிருந்து பழுப்புக்கும் பழுப்பிலிருந்து சாம்பலுக்கும் முறைப்படி இறங்கி, பணிக்கு முதல் நாள் வரிசையின் கடைசியில் நின்ற என் காருக்கு வந்து சேர்ந்தது.

சட்டத்தை மதிப்பவன் நான். நோட்டீஸ் என்று ஒன்று பிறந்துவிட்டால் அது யார் தலையிலாவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். வெளியாள் யாரையாவது கஷ்டப்படுத்த மனம் வரவில்லை. சொந்தக்காரன் என்றால் புரிந்துகொள்வான். மெத்தைக்கடை லோடு வண்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த வண்டி வடிகால் பக்கமே நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் நோட்டீஸில் வடிகால் என்ற சொல்லே இல்லையே.

எங்கள் வளாகத்தில் நோட்டீஸைப் படித்து, அதன்படி நடக்கும் கெட்ட பழக்கம் உள்ளவர் அவர் ஒருவர்தான். உடனே வண்டியை எடுத்துக்கொண்டுபோய் நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

மறுநாள் பணி கோலாகலமாக நடந்தது. தலைவர் துடைப்பம் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். எந்த முனை கீழே இருக்க வேண்டும் என்று நாங்கள் பணிவோடு எடுத்துச் சொன்னோம். சந்துகள் கண்ணாடியாக மின்னின. நானும் தரை நிபுணரும் என் காரைத் தள்ளிப் பார்த்தோம். அடியில் வெளிறிய ஒரு சாம்பல் கட்டம். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன், கண் கலங்கிவிட்டது.

அப்போது மழை பிடித்தது. வானிலை அறிக்கை மறுநாள்தான் என்று சொல்லியிருந்தது. மழைக்கும் நோட்டீஸ் படிக்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது. நாங்கள் வழுவழுவென்று கழுவி வைத்திருந்த சந்துகளில் தண்ணீர் தடையில்லாமல் ஓடி, நேரே தலைவரின் காருக்குப் போய், அங்கே வழி இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகத் திரும்பிப் படியிறங்கியது.

மெத்தைகளை ஏற்றிவிடலாம் என்று மைத்துனர் வண்டியை எடுக்க ஓடினார். நாலு தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். தங்கை மெத்தை அடுக்கின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு கத்தினாள். மழைக்கு ஒதுங்கிய ஒருவர் படியில் நின்று விலை விசாரித்தார்.

"ஏம்மா, அந்த மிதக்கறது என்ன மெத்தை?"

"ஃபோம்."

"முங்கினது?"

"நாங்க," என்றாள்.

மறுநாள் காலையில் வளாகத்தைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சந்து மட்டுமல்ல, காருக்கு அடியிலும் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. வெள்ளம் எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு கீழே போயிருந்தது. தலைவர் தன் காரை எடுத்துப் பார்த்தார். கறுங்கட்டம் இருந்த இடத்தில் வெறும் சிமெண்டு. வடிகால் மூடி தன்னந்தனியாக வெயிலில் தெரிந்தது. அதை யாரும் பார்க்காதபடி காரை மறுபடி அதன்மேல் நிறுத்திவிட்டு, தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

மறைந்த கட்டங்களுக்காக எழுந்து நின்று மௌனம் அனுசரித்தோம். மழையால் நேர்ந்த இழப்புகளை நான் கனத்த குரலில் வாசித்தேன்: தலைவருக்கு ஒரு கறுப்பு, பொருளாளருக்கு ஒரு பழுப்பு, எனக்கு ஒரு சாம்பல். அப்போது மைத்துனர் முழங்கால்வரை சேற்றோடு உள்ளே வந்தார்.

"என் கடையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே சார்."

"உங்களுக்கு என்ன கவலை?" என்றார் தலைவர். "போறதுக்கு உங்களுக்குக் கட்டமே கிடையாதே."

தரை நிபுணர் தொண்டையைச் செருமினார். "அப்படிச் சொல்லிடாதீங்க சார். இவர் மெத்தைங்கதான் மொத்தத் தண்ணியையும் உறிஞ்சிருக்கு. அது இல்லேன்னா தண்ணி திரும்பி மேல ஏறி நம்ம கடைக்குள்ள வந்திருக்கும்."

சங்கம் அதிர்ந்துபோனது. இத்தனை காலமும் இவ்வளவு பெரிய சேவை கீழ்த்தளத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. தலைவர் எழுந்து வந்து அவர் சேற்றுக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த மழைக்கும் இருப்பீங்கல்ல?"

"கடையை மூடறோம் சார். இனிமே முடியாது."

"அப்போ எங்க கதி?" என்றார் தலைவர். அவர் அப்படி உடைந்து நான் பார்த்ததே இல்லை.

என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்த விஷயம் ஒருவர் வாயிலும் வரவில்லை. கடைசியில் பொறுப்பு வழக்கம்போல் என்னிடம் வந்தது. விளம்பரம் எழுதி, லேமினேஷன் செய்து, படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன்: "கீழ்த்தளத்தில் விசாலமான கடை வாடகைக்கு. மெத்தை, தலையணை, பஞ்சு வியாபாரிகளுக்கு முன்னுரிமை. அடுத்த மழைக்கு முன் குடிவர வேண்டும்."

கடையைக் காலி செய்து, கடைசி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்த தங்கை அதன் முன்னால் நின்றாள். நிதானமாகப் படித்தாள்.

"செயலாளர் சார், ஒரு தப்பு இருக்கு," என்றாள்.

அவள் அண்ணா என்று கூப்பிடாதது எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எழுத்துப்பிழை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பேனாவை எடுத்துக்கொண்டு எங்கே என்று கேட்டேன்.

"கடை வாடகைக்குன்னு போட்டிருக்கீங்க. வடிகால் வேணும்னு போடுங்க."